“4கே-வில் மாத்தித் தர்றோம்” என்றால் கல்யாண கேசட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கேசட்டுக்கு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, 3 மினிடிவி (MiniDV எனும் சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளை ‘4கே’ ஆக்கி ஒரு கடையில் பென்டிரைவில் தந்தார்கள். கடைப் பெயர் வேண்டாம். என்ன நடந்தது என்பது தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

நம் ஊர் மினிடிவி கேசட்டில் பதிவானது பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைப் படம்: 720 × 576 புள்ளிகள், வினாடிக்கு 25 ஃப்ரேம். 4கே என்றால் 3840 × 2160. கணக்குப் போட்டால் சரியாக 20 மடங்கு. அதாவது 20 புள்ளியில் 19 சாஃப்ட்வேர் இட்டு நிரப்பியது. அதற்குத்தான் காசு.

ஒரு மணி நேர கேசட்டின் அசல் டேட்டா சுமார் 13 ஜிபி. கையில் வந்த ஃபைல் 1.8 ஜிபி, அதாவது வினாடிக்கு 4 மெகாபிட். சின்ன ஃபைல் என்பதே குற்றமில்லை, எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை அதே படத்தைக் குறைந்த இடத்தில் அடக்கிவிடும். ஆனால் 4கே அளவுக்கு 4 மெகாபிட் எந்த மூலைக்கு? பட்டுப்புடவைச் சரிகை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய சேதம் இன்டர்லேஸில். இந்தக் கேசட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதி: ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று, இரண்டுக்கும் இடையே வினாடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளி. இதை முதலில் பிரித்துச் சரிசெய்துவிட்டுத்தான் பெரிதாக்க வேண்டும். அப்படியே பெரிதாக்கியதால் தாலி முடிச்சுப் போடும் விரல்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. பெரிதாக்கிய ஃபைலில் அதை இனி ஒழுங்காக எடுக்க முடியாது. போதாததற்கு 4:3 படத்தை 16:9-க்கு இழுத்திருக்கிறார்கள். முகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம், குத்துவிளக்கு குட்டை.

சத்தம்? ஃபயர்வயர் கேபிளில் எடுத்திருந்தால் கேசட்டில் இருக்கும் டிஜிட்டல் டேட்டா அப்படியே இறங்கியிருக்கும். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி வயரில், லெவலை ஏற்றிவைத்து எடுத்ததால் கெட்டிமேளம் வரும் இடம் முழுக்க 0 டெசிபலில் முட்டிக் கரகரக்கிறது. ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேரில் திறந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். வெட்டுப்பட்டது திரும்பி வராது.

கொடுக்கும் முன் கேளுங்கள்: ஃபயர்வயரில் எடுப்பீர்களா? பெரிதாக்காத அசல் டிவி (DV) ஃபைலையும் தருவீர்களா? 5 நிமிட சாம்பிள் வாங்கி, ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்து பாருங்கள். அசல் ஃபைல் என்றால் 720 × 576, 25 ஃப்ரேம், இன்டர்லேஸ்டு, 4:3, சுமார் 25 மெகாபிட் என்று காட்ட வேண்டும். விஎச்எஸ் எனும் பழைய பெரிய வீடியோ கேசட்டுக்கு ஃபயர்வயர் கிடையாது. அங்கே ஏவி வயரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் சத்தத்தின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

“மாத்தியாச்சுல்ல, கேசட்டை இனி தூக்கிப் போட்டுடலாம்” என்றும் கடையில் சொன்னார்கள். போடாமல் வைத்திருந்ததால்தான் அந்த மூன்றையும் ஃபயர்வயரில் மறுபடி இறக்க முடிந்தது.