இரவில் உள்ளே தங்குவதா, கருவியை வைத்துவிட்டுத் திரும்புவதா?

பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் வீட்டை ஆராயப் போகிறவர்கள் திருகோணமலையில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒரு சாரார் நாலைந்து பேராகப் பாயும் டோர்ச்சும் கொண்டுபோய் விடியும்வரை உள்ளேயே விழித்திருக்கிறார்கள். மற்றவர்கள் பகலில் வளவை முழுக்கச் சுற்றிப் பார்த்து, மாலையில் ஒலிப்பதிவுக் கருவியையும் கமராவையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி, காலையில் வந்து எடுக்கிறார்கள். எங்கள் சிறு குழு இரண்டையும் செய்து பார்த்தபின், இனி இரவில் யாரும் உள்ளே தங்குவதில்லை என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். ஏன் சாய்ந்தேன் என்பதைச் சொன்னால் வாசிப்பவர்கள் தாங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் கனடாவில் இருந்தால் சாவி வைத்திருக்கும் உறவினரின் சம்மதத்தோடு அவருடைய சம்மதமும் வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் அயல்வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஒஸ்டன்பேர்க் கோட்டை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலைக் கண்ட சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் போன்றவை ஆர்வத்தைக் கிளறக்கூடியவை. ஆனால் அனுமதியில்லாமல் அவற்றின் வேலிப்பக்கம்கூடப் போகக்கூடாது. போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றை மண்டிய காணிகளில் பகலிலும் தடம் விலகி நடக்கக்கூடாது. கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதால் நிலம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. என்னவென்று தெரியாத இரும்புத் துண்டு எது கிடந்தாலும் தொடாமல் பொலிசின் 119 இலக்கத்துக்குச் சொல்ல வேண்டும். போரிலோ 2004 ஆழிப்பேரலையிலோ உயிர்கள் போன வீடு என்றால், அந்தக் குடும்பமே கூப்பிட்டாலன்றி நாங்கள் போவதில்லை. அந்த வீட்டின் துயரம் எங்கள் ஆர்வத்துக்குத் தீனி ஆகக்கூடாது.

இனி இரவுத் தங்கல். அதன் பலத்தை மறைக்க மாட்டேன். ஒரு சத்தம் கேட்டால் அந்தக் கணமே எழுந்துபோய்ப் பார்க்கலாம். ஓட்டுக்கு மேல் ஓடியது மரநாயா, கதவை அடித்தது கடற்காற்றா என்று அங்கேயே முடிவு தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கும் அதில்தான் நம்பிக்கை அதிகம். “நீங்கள் இருந்து பார்த்தீர்களா?” என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. கருவியை வைத்துவிட்டு வந்தோம் என்றால் முகம் சற்று வாடிவிடுகிறது.

பாழ் கிணறு, கறையான் அரித்த கூரை வளை, உடைந்த கண்ணாடி ஆகியவை இருட்டில் ஆபத்தானவை என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல சப்பாத்தும் ஆளுக்கொரு டோர்ச்சும் பகலிலேயே பார்த்துவைத்த தடமும் இருந்தால் அவற்றைப் பெருமளவு சமாளிக்கலாம். அவற்றுக்காக மட்டும் நான் இரவுத் தங்கலைக் கைவிட்டிருக்க மாட்டேன். என் மனத்தைத் திருப்பியது வேறொன்று: பேய்வீடு என்று நம்பப்படும் இடத்தில் உடலுக்கு ஆபத்து வந்தால், அதன் அறிகுறியும் பேயின் அறிகுறியாகச் சொல்லப்படுவதும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்வோம். இரவில் இரை தேடும் பாம்பு அது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிப்பதுதான் அதன் கடியில் பெரும்பகுதி. பற்கள் மிகச் சிறியவை. கடிபட்ட இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல்லின் தடமே தெரியாமலும் போகலாம். கடிபட்டவர் தூக்கத்தில் ஏதோ சுள்ளென்றது என்று புரண்டு படுத்துவிடக்கூடும். பிறகு வயிற்று வலி வரும், கண்ணிமை கீழே தொங்கும், பார்வை மங்கும், நாக்குக் குழறும், எச்சில் விழுங்க முடியாமல் போகும். அதன்பின் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கத் தொடங்கும்.

இப்போது அதே காட்சியை அதிகாலை இரண்டு மணிக்கு, பேய்வீடு என்று பெயரெடுத்த ஓர் அறைக்குள் வைத்துப் பாருங்கள். கூட இருக்கும் ஒருவருக்குப் பேச்சு வரவில்லை. கண் பாதி மூடியிருக்கிறது. கேட்டால் பதில் இல்லை. சுற்றி இருப்பவர்கள் அத்தனை பேரும் மாலையிலிருந்து பேயைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் வாயில் முதலில் வரும் சொல் “பேயடித்துவிட்டது” என்பதுதான். திருநீறு பூசுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், நூல் கட்டிவிட ஆள் தேடுவார்கள். கமராவை எடுத்துப் படம் பிடிக்கவும் ஒருவர் இருப்பார். மூச்சு நிற்பதற்குள் நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் பிழைக்க வேண்டிய ஓர் உயிரின் நேரம் அப்படித்தான் வீணாகும். எனக்குத் திருநீற்றில் நம்பிக்கை உண்டு. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே பூசலாம், நூலைக் கட்டிலில் வைத்தும் கட்டலாம். 1990 இலக்கத்துக்கு அடிப்பதுதான் முதல் வேலை. அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

பாம்பு ஒன்றுதான் என்றால் கட்டிலும் வலையும் கொண்டுபோய்ச் சமாளிக்கலாம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். நியாயமான வாதம்தான். ஆனால் அறிகுறிகள் ஒத்துப்போவது பாம்போடு முடியவில்லை. கமராக்களுக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்று சில குழுக்கள் சிறிய ஜெனரேட்டரை விறாந்தையிலேயே ஓடவிடுகின்றன. அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், நெஞ்சை அழுத்துவதுபோன்ற உணர்வு, குழப்பம் என்று தொடங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பழைய வீட்டில் காலடி ஓசை கேட்டது, உருவங்கள் தெரிந்தன, பிள்ளைகள் வெளிறிப்போனார்கள். கடைசியில் காரணம் பழுதான சூடேற்றும் உலையிலிருந்து கசிந்த அந்த வாயு. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட உலை யார் வீட்டிலும் இல்லை. ஆனால் ஆராயப் போகிறவர்களே ஜெனரேட்டர் வடிவில் அதைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

தூக்கமின்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழித்திருக்க வேண்டும் என்று போராடிச் சற்றே கண்ணயர்ந்து திடுக்கிட்டு விழிப்பவருக்குச் சில நேரம் உடல் அசையாது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பேய் அமுக்குவது என்று நாம் சொல்லும் இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. அதனாலேயே கூட இருப்பவர்களின் நிலை சிக்கலாகிறது. அசையாமல் கிடப்பவர் இதில் கிடக்கிறாரா, நஞ்சில் கிடக்கிறாரா, வாயுவில் கிடக்கிறாரா என்று டோர்ச் வெளிச்சத்தில் பிரித்தறிய எங்களில் யாருக்கும் பயிற்சி இல்லை. ஒலிப்பதிவுக் கருவியைப் பாம்பு கடிக்காது. அதைப் பேய் அடித்ததா என்று யாரும் தடுமாற வேண்டியதும் இல்லை.

கருவியை வைத்துவிட்டு வருவதில் எனக்கு மனநிறைவு தருவது இன்னொன்றும் உண்டு. உள்ளே ஆளில்லாததால் பதிவு தூய்மையாக இருக்கிறது. இருமல் இல்லை, பொலித்தீன் சரசரப்பு இல்லை, “அது கேட்டதா?” என்ற கிசுகிசுப்பும் இல்லை. சுருக்கப்படாத வேவ் வடிவில் சீடி தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். பத்து மணி நேர இரவு ஆறரை கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இடத்தை மிச்சப்படுத்த எம்பி3 வடிவில் மிகக் குறைந்த தரத்தில் பதிய வேண்டாம். அந்தச் சுருக்கமே மெல்லிய ஓசைகளைச் சிதைத்து முணுமுணுப்பாக்கிவிடும். பிறகு அந்த முணுமுணுப்பில் ஒருவர் பெயரைக் கேட்பார், இன்னொருவர் அழுகையைக் கேட்பார்.

நேரத்தைப் பிடிக்க இந்த ஊரே உதவுகிறது. விடியற்காலைப் பாங்கு, கோயில் மணி, வள்ளங்களின் என்ஜின் சத்தம் எல்லாம் பதிவில் வரிசையாக விழும். கருவியின் கடிகாரம் பிந்தியிருந்தாலும் அவற்றை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் இதே ஊர்தான் ஏமாற்றவும் செய்கிறது. இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெப்பமாக இருந்தால், ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வரும். இத்தனை குடாக்கள் கொண்ட ஊரில் அக்கரையில் வள்ளம் இழுப்பவர்களின் பேச்சு இக்கரை வீட்டு முற்றத்தில் கேட்பதில் வியப்பில்லை. உள்ளே ஒரு கருவி, வளவின் வெளிச்சுவரில் ஒரு கருவி என்று இரண்டு வைப்பது இதற்காகத்தான். வெளியே உரத்தும் உள்ளே மெலிந்தும் கேட்டால் அந்தக் குரல் வெளியிலிருந்து வந்தது.

குறைகளும் உண்டு. உப்புக்காற்று பற்றரி முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கிறது. ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் கருவி நெடுநாள் உழைக்காது. எறும்பு ஒலிவாங்கித் துளைக்குள் புகும். குரங்கு தூக்கிக்கொண்டு போகும். மாலையில் வைத்துக் காலையில் எடுப்பதென்றால், டெங்கு நுளம்பு ஊக்கமாகக் கடிக்கும் இரு வேளைகளிலும் அங்கே நிற்கிறோம். கைவிட்ட வீடுகளின் தொட்டியிலும் சிரட்டையிலும் மழைநீர் தேங்கியிருக்கும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை மறந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். நீளக் கைச்சட்டையும் நுளம்பு விரட்டிக் களிம்பும் இல்லாமல் நாங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. நுளம்புச் சுருளைக் கமரா அறையில் கொளுத்துவதும் இல்லை. அகச்சிவப்பு வெளிச்சத்தில் அந்தப் புகை வெள்ளை உருவங்களாகப் பதிவாகிவிடும்.

ஒரு வகை முறைப்பாட்டில் கருவி வழி தோற்றுப்போகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “சத்தம் ஒன்றும் இல்லை, அந்த அறைக்குள் போனால் நெஞ்சு பதறுகிறது” என்று சொல்பவர்களுக்குக் கருவியால் பதில் சொல்ல முடியாது. 1998இல் விக் டாண்டி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் தம் ஆய்வுகூடத்தில் உணர்ந்த அச்சத்துக்கும் கண்ணோரத்தில் தெரிந்த சாம்பல் உருவத்துக்கும் காரணமாகக் காட்டியது ஒரு காற்றாடி எழுப்பிய, செவிக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வை. சாதாரண ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கி அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒழுங்காகப் பிடிக்காது. இத்தகைய அறையில் நாங்கள் பகலிலோ அந்திக்கு முன்போ வீட்டுக்காரரோடு நாற்காலி போட்டுச் சிறிது நேரம் இருந்து பார்க்கிறோம். இந்த இடைவழி போதுமானதா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அனுபவம் எங்களிடம் சேரவில்லை.

பகல் வேலையில் நூலகமும் அடங்கும். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில் மலையுச்சியில் நிற்கும் தூணுக்கு ஒரு கதை உண்டு: காதலன் கப்பலேறிப் போக, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண் அங்கிருந்து கடலில் குதித்தாள் என்பது. தூணில் பொறித்திருப்பது அவள் பெயரும் நினைவுச் செய்தியும் 1687 என்ற ஆண்டும்தான். குதித்ததைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வீட்டுக் கதைகளையும் இப்படித்தான் பார்க்கிறோம். காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், செத்ததாகச் சொல்லப்பட்டவர் காணியை விற்றுவிட்டு ஊர் மாறியிருப்பார். அதற்கு யாரும் இரவு விழிக்க வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் தங்கித்தான் ஆவேன் என்பவர்களுக்குச் சில சொல்கிறேன். தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் வலை கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். ஜெனரேட்டர் வேண்டாம், பற்றரி போதும். பேயைத் தேடாத ஒருவர், உங்கள் ஆராய்ச்சியில் ஆர்வமே இல்லாத ஒருவர், வாசலில் வாகனத்தோடு இருக்கட்டும். யாருக்காவது கண்ணிமை தொங்கினாலோ நாக்குக் குழறினாலோ முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான், உள்ளே இருப்பவர்கள் அல்லர். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமராவைப் பற்றி ஒரு வார்த்தை. இரவல் வாங்கிக் கொஞ்சம் பார்த்த அளவில், நாள் முழுக்க வெயிலில் காய்ந்த சுவர் இருட்டியபின்னும் விதவிதமான வடிவங்களைக் காட்டிக்கொண்டே இருந்தது. விலைக்கு ஏற்ற பயன் உண்டா என்பதை அதை நெடுநாள் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு முடிந்ததும் முழுக் கோப்பையும் எந்த நேரத்தில் என்ன கேட்டது என்ற குறிப்போடு வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுகிறோம். விளங்காத ஓசை ஏதும் எஞ்சியிருந்தால் அதற்கு நேரே விளங்கவில்லை என்று மட்டும் எழுதுகிறோம்.