டார்பிஷயரின் மாளிகைகளும் அருங்காட்சியகங்களும்: பல ஆண்டுகள் சென்று பார்த்த அனுபவம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள டார்பிஷயர் கவுண்டியில், டார்பி நகரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கிவிடும் பழைய மாளிகைகளும் அருங்காட்சியகங்களும் ஏராளமாக உள்ளன. இந்த நகரில் வசிக்கத் தொடங்கியது முதல் அவற்றை எல்லாப் பருவங்களிலும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துச் சென்றிருக்கிறேன். தனியாகப் போய் ஒரே அறையில் நெடுநேரம் நின்றும் இருக்கிறேன். இவற்றை முதல் முறை பார்ப்பவர்கள் கட்டியவரின் செல்வத்தைப் பார்க்கிறார்கள். மீண்டும் மீண்டும் போகும்போதுதான், அந்தச் செல்வம் கரைந்த பிறகு வீட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாளிகையும் எவ்வளவு வேறுபட்ட விடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது தெரிய வருகிறது. டார்பிஷயரின் தனிச்சிறப்பாக நான் கருதுவது அதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹார்ட்விக் ஹால். நான்கு முறை மணந்து, ஒவ்வொரு மணத்தாலும் சொத்தில் உயர்ந்த பெஸ் ஆஃப் ஹார்ட்விக், அறுபது வயதைக் கடந்த பின் 1590 முதல் 1597 வரை கட்டிய வீடு இது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று கருதப்படுகிறது. கண்ணாடி மிகுந்த விலைக்கு விற்ற காலத்தில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று சொல்லும்படி சன்னல்களை வைத்தார்கள். கோபுரங்களின் உச்சியில் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற அவருடைய பெயரின் முதலெழுத்துகள் கல்லில் செதுக்கப்பட்டு வானத்தை நோக்கி நிற்கின்றன. கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மேல்தளம் அரச விருந்தினருக்கு என்று வீடு ஏற ஏற உயரமும் ஒளியும் கூடிக்கொண்டே போகிறது. அகன்ற கற்படிகளில் ஏறி, வேட்டைத் தெய்வமான டயானாவும் காட்டு விலங்குகளும் வண்ணச் சாந்தில் புடைப்பாகச் சுற்றிவரும் பெரிய அறைக்குள் நுழையும்போது, இந்த ஏற்பாட்டின் நோக்கம் கால்களுக்கே புரிந்துவிடும்.

அங்குள்ள நீண்ட கூடத்தின் சுவர்களில் பைபிளில் வரும் வீரர் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 நெய்த சித்திரத் திரைகள் தொங்குகின்றன. 1578இல் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற பிரபுவுக்காக நெய்யப்பட்டவற்றை, அவர் இறந்த பின் 1592இல் பெஸ் வாங்கினார். ஹாட்டனின் குலச் சின்னங்களை மறைத்துத் தம் சின்னத்தை வைக்கச் செலவாகும் என்று சொல்லி விலையையும் குறைத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் உள்ள இவற்றைத் தூய்மைப்படுத்தித் தைத்துச் சீர்செய்யும் பணி 1999இல் தொடங்கி 2023இல்தான் நிறைவடைந்தது. அந்தப் பணி நடந்த காலத்திலும் அங்கே சென்றிருக்கிறேன். முடிந்த பிறகும் சென்றிருக்கிறேன். முன்பு பழுப்பாகத் தெரிந்த இடங்களில் நீலமும் பச்சையும் வெளிப்பட்டிருப்பதைக் கண்டபோது, இருபத்து நான்கு ஆண்டுகள் ஊசியும் நூலுமாக உழைத்தவர்களை நினைத்து மனம் நெகிழ்ந்தது. இந்தத் துணிகளைக் காப்பதற்காக அறைகளின் சன்னல் திரைகளைத் தாழ்த்தி வெளிச்சத்தை மிகவும் குறைத்திருப்பார்கள். கண்ணாடிக்குப் பேர்போன வீடு உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று வருந்துபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் கண் பழகிவிடுகிறது. அதன் பிறகு படங்கள் தாமாகவே தெளிவடைகின்றன. வெளிப்புறத்தை மட்டும் மாலை வெயிலில் மேற்கிலிருந்து பார்ப்பது நல்லது.

ஹார்ட்விக் இன்று பொதுமக்களுக்குத் திறந்திருப்பதற்கு வரியே காரணம். 1950இல், பெஸ்ஸின் வழித்தோன்றலும் இந்த வீட்டின் உரிமையாளருமான டெவன்ஷயரின் பத்தாவது டியூக் (உயர்ந்த பிரபுப் பட்டம்) காலமானபோது, அவர் விட்டுச் சென்ற சொத்தின் மீது 80 விழுக்காடு வாரிசு வரி விழுந்தது. அதை ஈடுகட்ட நிலங்களும் ஓவியங்களும் கைமாறின. ஹார்ட்விக்கை அரசு எடுத்துக்கொண்டு, 1959இல் பழைய மாளிகைகளைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அங்கே கடைசியாக வாழ்ந்த ஈவ்லின் சீமாட்டி, 1960இல் இறக்கும்வரை அந்தப் பழந்துணிகளைத் தம் கையாலேயே தைத்துப் பேணி வந்தவர்.

அதே குடும்பம் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட வீடு சாட்ஸ்வொர்த். 1981இல் தனி அறக்கட்டளை அமைத்து வீட்டையும் தோட்டத்தையும் அதன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். லகேர் வரைந்த கூரை ஓவியங்கள் கொண்ட கூடம், ஆறாவது டியூக் இத்தாலியிலிருந்து சேர்த்த கனோவாவின் பளிங்குச் சிற்பங்கள், கதவில் உண்மையாகவே தொங்குவதாகக் கண்ணை ஏமாற்றும் வயலின் ஓவியம் என்று பார்க்க நிறைய உண்டு. ஆனால் விடுமுறை நாள்களில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். எந்த அறையிலும் நிற்க முடியாது. எனவே சாட்ஸ்வொர்த்துக்குப் போகிறவர்களிடம், வீட்டைவிடத் தோட்டத்துக்கு அதிக நேரம் வையுங்கள் என்றே சொல்லி வருகிறேன். தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் 1844இல், வருவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ரஷ்யப் பேரரசருக்காக அமைத்த நீரூற்று, மேட்டில் வெட்டிய ஏரியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்தால் மட்டுமே பீறிடுகிறது. பேரரசர் வரவில்லை, நீரூற்று மட்டும் நிலைத்துவிட்டது. சீட்டின் விலை அதிகம்; நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இங்கே செல்லாது.

டார்பிக்குத் தெற்கே உள்ள கால்க் அபி இதற்கு நேர் எதிரான இடம். 1701 முதல் 1704 வரை கட்டப்பட்ட இந்த மாளிகையில் வாழ்ந்த ஹார்ப்பர் குரூ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக வெளியுலகிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தார்கள். எதையும் தூக்கி எறியாமல், ஓர் அறை நிறைந்துவிட்டால் அதைப் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். 1924இல் இறந்த சர் வான்சி சேர்த்துவைத்த பதம்செய்த பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கடுக்காக நிற்கின்றன. இந்த வீட்டுக்கு மின்சாரம் வந்ததே 1962இல்தான். இங்கும் வாரிசு வரியே குடும்பத்தின் பிடியைத் தளர்த்தியது. 1985இல் பொறுப்பேற்ற நேஷனல் டிரஸ்ட் அசாதாரணமான ஒரு முடிவை எடுத்தது: கூரை ஒழுகாமல் பழுது பார்ப்போம், ஆனால் வீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்பது அந்த முடிவு. எனவே உரிந்த சுவர்த்தாளும் கிழிந்த நாற்காலியும் உடைந்த பொம்மைகளும், கிடைத்த நிலையிலேயே இருக்கின்றன.

முதல் முறை அழைத்துச் செல்லும் விருந்தினர் பலர், இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஓர் ஆங்கில நிலக்கிழார்க் குடும்பம் எப்படி மெல்லத் தேய்ந்தது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் வீட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை. பழையதைப் பழையதாகவே விட்டுவைப்பதற்கும் ஓயாத உழைப்பு வேண்டும் என்பது இங்கே பலமுறை வந்தால்தான் விளங்கும். உரியும் சுவர்த்தாள் மேலும் உரியாமல் இருப்பது தற்செயலாக நடப்பதன்று. இந்த வீட்டில் தவறாமல் பார்க்க வேண்டியது சீனப் பட்டுக் கட்டில். 18ஆம் நூற்றாண்டில் அன்பளிப்பாக வந்த அந்தப் பட்டுத் திரைகள் பெட்டிகளிலேயே கிடந்தன. நேஷனல் டிரஸ்ட் அவற்றை வெளியே எடுத்தபோது வெயிலே படாத வண்ணங்கள் புத்தம் புதிதாக இருந்தன. நீலமும் வெண்மையும் பொன் இழையுமாக மின்னும் அந்தக் கட்டில் இன்று கண்ணாடிக்குப் பின்னால் மங்கிய ஒளியில் நிற்கிறது.

பேக்வெல் அருகே வை ஆற்றின் மேல் நிற்கும் ஹாடன் ஹாலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மேனர்ஸ் குடும்பம் 1700களின் தொடக்கத்தில் இதை விட்டுப் போனதால், ஏறத்தாழ 200 ஆண்டுகள் யாரும் இடிக்கவும் இல்லை, நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றவும் இல்லை. அதே குடும்பத்தின் ஒன்பதாவது ரட்லண்ட் டியூக் இருபதாம் நூற்றாண்டில் பொறுமையாகச் சீர்படுத்தினார். சிற்றாலயத்தில் சுண்ணாம்புப் பூச்சுக்கடியில் தப்பிப் பிழைத்த 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களும், ஒளியை வெவ்வேறு கோணங்களில் ஏந்தும்படி மேடு பள்ளமாகப் பதிந்த நீண்ட கூடத்தின் கண்ணாடிச் சில்லுகளும் போதும். இதற்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும்; நான் அதற்கு ஒருபோதும் வருந்தியதில்லை.

நம்மவர்கள் அதிகம் கேட்பது கெடில்ஸ்டன் ஹாலைப் பற்றி. டார்பி நகரை ஒட்டியே உள்ள இந்த மாளிகையை நத்தானியல் கர்சன் 1759இல் கட்டத் தொடங்கினார்; அதன் முகத்தையும் உள்ளழகையும் தீர்மானித்தவர் ராபர்ட் ஆடம். பூங்காவின் காட்சிக்குத் தடையாக இருந்த ஊரையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். தேவாலயம் மட்டும் மாளிகையின் பக்கத்தில் எஞ்சியது. அலபாஸ்டர் என்ற மென்மையான கல்லால் ஆன 20 தூண்கள் தாங்கும் கூடம், குடியிருக்க அன்றி வந்தவரைத் திகைக்க வைக்கவே கட்டப்பட்டது. இந்த மாளிகையின் வரைபடத்தை முன்மாதிரியாகக் கொண்டே கல்கத்தாவில் அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி 1803இல் அரசு மாளிகையைக் கட்டி முடித்தார். கெடில்ஸ்டனுக்குத் திட்டமிடப்பட்ட நான்கு பக்க மண்டபங்களில் இரண்டே எழுந்தன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து அதே குடும்பத்தின் ஜார்ஜ் கர்சன் 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக அந்த மாளிகையில் வாழ்ந்தார்.

அவர் ஆசியாவில் சேர்த்த பொருள்கள் கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் கிழக்கத்திய அருங்காட்சியகமாக இருக்கின்றன. தந்தம், வெள்ளி, ஆயுதங்கள் என நெருக்கமாக அடுக்கிய பேழைகளுக்கு நடுவே நின்றபோதெல்லாம் எனக்கு மனம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து இந்தியாவின் கோயில்களையும் கல்லறைகளையும் காக்க முனைந்தவர் அவர். 1905இல் வங்காளத்தைப் பிரித்தவரும் அவரே. 1903ஆம் ஆண்டு டெல்லி தர்பாரில் அவருடைய மனைவி மேரி அணிந்த மயிற்பீலி உடை இந்த வீட்டுக்குரிய பெரும்பொருள். தைத்தது பாரிஸின் வொர்த் நிறுவனம். பொன் வெள்ளி இழைகளால் பீலிகளைப் பின்னியவர்கள் டெல்லியின் ஜர்தோசிக் கைவினைஞர்கள். ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் பச்சை நிறத்தில் மின்னுவது வண்டின் கடினமான மேற்சிறகு. உடுத்தியவரின் பெயரும் தையற்கடையின் பெயரும் உலகறிந்தவை. பின்னியவர்களின் பெயர்களையும் தேடிச் சொல்லும் நாள் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். பேரரசுடன் தன் இடங்களுக்குள்ள தொடர்பைப் பற்றி நேஷனல் டிரஸ்ட் 2020இல் அறிக்கை வெளியிட்டது நல்ல தொடக்கம்.

மாளிகைகளை மட்டும் பார்த்துத் திரும்புவது இந்தக் கவுண்டிக்கு நியாயம் செய்வதாகாது. டெர்வென்ட் ஆற்றங்கரையில் குரோம்ஃபோர்டில் ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் நிறுவிய நீராற்றல் பருத்தி நூற்பாலை, உலகத் தொழிற்சாலைகளின் முன்னோடிகளில் ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த அச்சுத் துணிகளின் போட்டியைத் தடுக்க 1721இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், உள்நாட்டுப் பருத்தித் துணியையும் கட்டுப்படுத்தியது. ஆர்க்ரைட் தரப்பு வாதாடி 1774இல் அதைத் தளர்த்திக்கொண்டது. சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தோடு இந்தப் பள்ளத்தாக்கு இப்படித்தான் பிணைகிறது. சாலையைப் பார்த்த சுவரில் தரைத்தளத்துக்குச் சன்னலே இல்லை; எந்திரங்களை உடைக்க வருவோரை அஞ்சிக் கட்டிய கோட்டைபோல் இருக்கிறது ஆலை. இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர முறைகளில் இங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் பெண்களும். பின்னாளில் சாயத் தொழிற்கூடமாக மாறி நஞ்சு படிந்து கிடந்த இடத்தை 1979 முதல் ஆர்க்ரைட் சங்கம் மீட்டெடுத்து வருகிறது. வழிகாட்டியுடன் செல்வது மிக அவசியம்; தனியே சுற்றினால் வெறும் கற்கட்டடங்களாகவே தெரியும்.

டார்பி நகருக்குள்ளேயே, 1721இல் எழுந்த பட்டு ஆலை இருந்த இடத்தில் 2021இல் திறக்கப்பட்ட உற்பத்தி அருங்காட்சியகம் இருக்கிறது. பொருள்களைக் காலவரிசையில் வைக்காமல் மரம், உலோகம், மண், துணி என்று மூலப்பொருளின்படி அடுக்கியிருக்கிறார்கள். நுழைவாயிலில் தலைக்கு மேல் ஏழு டன் ரோல்ஸ்ராய்ஸ் விமான எஞ்சின் தொங்குகிறது. குழந்தைகள் சலிப்படையாத இடம் இது. சற்றுத் தொலைவில் உள்ள நகர அருங்காட்சியகத்தில், டார்பியில் பிறந்த ஓவியர் ஜோசப் ரைட்டின் படைப்புகள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் உள்ளன. கோள்களின் மாதிரிப் பொறியைச் சுற்றி விளக்கொளியில் குனிந்திருக்கும் முகங்களை அவர் 1766 அளவில் வரைந்தார். அந்த ஓவியத்தின் முன் எத்தனை முறை நின்றாலும் குழந்தைகளின் முகங்களில்தான் என் பார்வை தங்குகிறது. இரண்டு இடங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். இங்கேயே வசிப்பவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை மிகவும் பயனுள்ளது. ஹார்ட்விக், கெடில்ஸ்டன், கால்க் மூன்றும் வாகன நிறுத்தமும் அதில் அடங்கும். ஒரே வீட்டுக்கு ஒரு மணி நேரம் மட்டும் போய்வரும் சுதந்திரத்தை அந்த அட்டைதான் எனக்குத் தந்தது. கார் இல்லாதவர்கள் டார்பியிலிருந்து மேட்லாக் செல்லும் ரயிலில் குரோம்ஃபோர்டில் இறங்கலாம். சாட்ஸ்வொர்த்துக்குப் பேருந்து உண்டு. ஹார்ட்விக்கும் கால்க்கும் கார் இல்லாமல் கடினம். குளிர்காலத்தில் பல மாளிகைகளின் உள்ளறைகள் மூடியிருக்கும் அல்லது ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும் என்பதால், புறப்படும் முன் திறந்திருக்கும் நாள்களைச் சரிபார்ப்பது நல்லது. மேல்தளங்களுக்குப் படிகள் அதிகம். முதியவர்களுடன் வருவோர் ஹார்ட்விக்குக்குப் பதில் டார்பியின் இரண்டு அருங்காட்சியகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறைகளில் நிற்கும் தன்னார்வலர்களிடம் தயங்காமல் பேசுங்கள். பலர் ஓய்வு பெற்ற பின் பல ஆண்டுகளாக அதே அறையில் பணிபுரிபவர்கள். பலகையில் எழுதாததையெல்லாம் கேட்டால் மட்டுமே சொல்வார்கள். இரண்டு நாள்தான் கையில் உண்டு என்றால், முதல் நாள் காலையில் குரோம்ஃபோர்டும் பிற்பகலில் ஹார்ட்விக்கும், மறுநாள் முழுவதும் கால்க்கும் பாருங்கள். சாட்ஸ்வொர்த் அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கலாம்.