யாழ் நகர வங்கி ஒன்றின் லொக்கர் சேவை

கஸ்தூரியார் வீதிக்குக் கிட்ட ஒரு வங்கியில் லொக்கர் வைத்திருக்கிறேன். சேவை நல்லது. பதிவேட்டில் கையெழுத்து வைத்ததும் அலுவலர் கூட வருவார். அவருடைய திறப்பும் என்னுடையதும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். பிறகு அவர் வெளியே நிற்பார், நாங்கள் ஆறுதலாகப் பார்க்கலாம். அறைதான் கொஞ்சம் புழுக்கம்.

ஆனால் இதை நம்பி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, வீடு, நெல், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அம்மம்மா சாமியறை முருகன் படத்தைத்தான் சேலையில் சுற்றி எடுத்தார். செம்மணி வீதி நெடுக ‘முருகா, முருகா’ என்றுதான் நடந்தாராம். 2022இல் ரூபாய் சரிந்தபோது எங்கள் சேமிப்பும் கண்முன்னே கரைந்தது. அப்போதும் நல்லூர் முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய்தான். எனக்குக் காவல் அந்த நல்லூரான், பெட்டிக்குள் கிடக்கிற பவுண் இல்லை.

சரி, தாலிக்கொடி, காணி உறுதி வைக்க லொக்கர் தாராளமாக எடுங்கள். வருடக் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போனால் சனம் குறைவு.