மாசு வரியா, உமிழ்வு உரிம வர்த்தகமா?

"இந்த வடிகட்டியைப் பொருத்து, இதற்கு மேல் புகை விடாதே" என்று ஆலை ஆலையாக ஆணையிடுவதற்கு மாற்றாக இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று மாசு வரி: ஆலை விடும் ஒவ்வொரு டன் மாசுக்கும் அரசு வரி வாங்கும். மற்றொன்று உமிழ்வு உரிம வர்த்தகம்: மொத்த மாசுக்கு அரசு வரம்பு வைத்து, அதற்குள் உரிமங்கள் தரும்; ஆலைகள் அவற்றைத் தங்களுக்குள் வாங்கி விற்கலாம். இரண்டுமே மாசுக்கு விலை வைப்பவைதான்.

எது நிச்சயம்?
வரி: டன்னுக்கு என்ன செலவு என்று ஆலைக்கு முன்பே தெரியும். மாசு எவ்வளவு குறையும் என்பது தெரியாது.
வர்த்தகம்: மொத்த அளவுக்கு உச்சவரம்பு உண்டு, விலைதான் ஆடும். ஐரோப்பிய ஒன்றியம் கார்பன் உமிழ்வுக்காக 2005இல் தொடங்கிய சந்தையில் உரிமங்கள் தேவைக்கு மேல் குவிந்து, 2013இல் விலை டன்னுக்கு 5 யூரோவுக்கும் கீழே போனது. அந்த விலைக்கு எந்த ஆலை புது இயந்திரம் வாங்கும்?

நடத்துவது எளிதா?
வரி: எரிபொருள் வரி வசூலிக்கும் அமைப்பே போதும். சுவீடன் 1991 முதல் கார்பன் வரி வாங்குகிறது.
வர்த்தகம்: பதிவேடு, ஏலம், கண்காணிப்பு எல்லாம் வேண்டும். 1995இல் தொடங்கிய அமெரிக்கக் கந்தக டை ஆக்சைடு சந்தை நிலைத்ததற்கு, புகைபோக்கிகளில் பொருத்திய தொடர் அளவீட்டுக் கருவிகள் முக்கியக் காரணம்.

எதிர்ப்பு?
வரி: பெயரைக் கேட்டாலே கிளம்பும்.
வர்த்தகம்: இலவச உரிமம் கொடுத்து அடக்கலாம். (என் பார்வையில் அது மறைமுக மானியம்.)

சிறு ஆலைகள் நிறைய, அளவிடும் வசதி குறைவு என்றால் வரி. பெரிய ஆலைகள் சில, மொத்த வரம்பு மீறவே கூடாது என்றால் வர்த்தகம். பாதரசம் போல ஆலையைச் சுற்றியே தேங்கக்கூடிய நச்சுக்கு இரண்டும் உதவாது; அங்கே பழைய ஆணைதான் சரி.