அம்மாவின் கண்ணும் 5 மில்லி குப்பியும்: வேலூரில் இரண்டு வாரம்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மே மாதம் லண்டனிலிருந்து ஊருக்கு வந்தேன். காட்பாடியில் இறங்கிச் சத்துவாச்சாரி வீட்டை அடைந்தபோது, வலக்கண்ணைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே அம்மா கதவைத் திறந்தார். கண் சிவந்து, இமையோரம் மஞ்சள் பீளை கட்டியிருந்தது. காலையில் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டால்தான் இமை பிரிகிறது என்றார். தம்பி மருந்துக் கடையில் வாங்கிவந்த சொட்டு மருந்தை மூன்று நாளாகப் போடுவதாகவும், சிவப்பு பாதி குறைந்துவிட்டதாகவும் சொன்னார்.

அலமாரியின் மேல் வெயில் படும் இடத்தில் இருந்த அந்த 5 மில்லி குப்பியை எடுத்துப் பார்த்தேன். குளோராம்ஃபெனிகால் என்ற பெயருக்குக் கீழே டெக்சாமெத்தசோன் என்று இன்னொரு பெயரும் இருந்தது. முன்னது பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து, பின்னது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் விரைவில் அடக்கிவிடும் என்பதால் மருந்து நன்றாகக் கேட்கிறது என்றே நோயாளி நம்புவார். ஆனால் கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால், உடலின் எதிர்ப்பும் சேர்ந்து அடங்கிப்போவதால், அது உள்ளுக்குள் பரவிப் பார்வையையே பறிக்கக்கூடும். நாள்பட்டுப் போட்டால் கண் அழுத்தமும் உயரும். ஆகவே சிவப்பு குறைந்ததாக அம்மா சொன்னது எனக்கு ஆறுதலைத் தரவில்லை.

தம்பியை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பது பெட்டியிலேயே சிவப்புக் கோட்டுடன் அச்சாகியிருந்தது. கல்லாவில் இருந்தவரோ, “கண் சிவந்திருக்குன்னா எல்லாருக்கும் இதுதான் குடுக்கறோம் சார், நல்லா கேக்கும்” என்றார். அவர் பேச்சில் வஞ்சகம் இல்லை. ஆனால் யாருக்கு, என்ன வயது, வலி உண்டா, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறதா, பார்வை மங்கலாக இருக்கிறதா என்று தம்பியிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. பிரிட்டனில் 2005 முதல் ஸ்டீராய்டு கலக்காத குளோராம்ஃபெனிகால் சொட்டு மருந்தைச் சீட்டில்லாமலே மருந்தாளுநரிடம் வாங்கலாம். ஆனால் இந்தக் கேள்விகளோடு, கான்டாக்ட் லென்ஸ் அணிகிறீர்களா, கண்ணில் அடிபட்டதா, குழந்தைக்கு இரண்டு வயது ஆகிவிட்டதா என்பதையும் அவர் கேட்பார். பதில் சரியில்லையென்றால் மருந்தைத் தராமல் மருத்துவரிடம் அனுப்புவார். இங்கே நான் கண்ட குறை அந்தக் கேள்விகள் இல்லாததுதான்.

மறுநாள் காலை அம்மாவை ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். 1902இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று திறந்த மருத்துவமனை இருந்த இடம் அது. காலைப் பொழுது காத்திருப்பிலேயே கழிந்தது; அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “கண்ணுல ஏதாவது பட்டுச்சாம்மா?” என்பதுதான். அம்மா தயங்கித் தயங்கி, முருங்கைக்கீரை ஒடிக்கும்போது கிளை உரசியதைச் சொன்னார். எங்கள் இருவரிடமும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இலை, கிளை, வைக்கோல் பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது நம் பக்கத்தில் அரிதல்ல.

மருத்துவர் ஆரஞ்சு நிறச் சாயத்தாளை ஈரமாக்கி இமைக்குள் தொட்டுவிட்டு, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் ஒரு சிறு கீறல் மட்டும் பச்சையாக ஒளிர்ந்ததாகவும், புண் இல்லை என்றும் விளக்கினார். பழைய குப்பியை நிறுத்தச் சொல்லி, ஸ்டீராய்டு கலக்காத மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 0.5 சதவீதச் சொட்டு மருந்தை எழுதிக்கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கட்டாயம் வந்து காட்டச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு செவிலியர் செய்ததை நான் லண்டனில் எங்கும் பெற்றதில்லை. அம்மாவையே ஒரு முறை மருந்து போட்டுக் காட்டச் சொன்னார். அம்மா குப்பியின் முனை இமை முடியில் படும்படி பிடித்து, மூன்று சொட்டுகளை விட்டு, கண்ணை இறுக்கிச் சிமிட்டினார்; பாதி மருந்து கன்னத்தில் வழிந்தது. செவிலியர் கடிந்துகொள்ளாமல், கையைக் கழுவச் சொல்லி, கீழ் இமையைச் சற்றே இழுத்து ஒரு சிறு பை போல ஆக்கி, மேலே பார்த்தபடி, முனை எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு விடக் கற்றுக்கொடுத்தார். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். “அதான் வாய் கசந்ததா!” என்றார் அம்மா. கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் தங்காது என்பதால் கூடுதலாக விடுவதில் பயனில்லை. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும். களிம்பு இருந்தால் அது கடைசியில்.

மாலையில் பக்கத்து வீட்டு அக்கா தம் மகனுக்கு ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி, நிறுத்திய அந்தக் குப்பியைக் கேட்டார். பெரும்பாலும் அது வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, தொற்றுள்ள ஒருவர் கண்ணருகே போன குப்பி இன்னொருவருக்கு ஆகாது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள், “இது என் கண்ணுக்கே ஆகலடி, பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டு” என்று அம்மா முந்திக்கொண்டார்.

இரண்டாம் முறை போனபோது கீறல் ஆறியிருந்தது. சிவப்பு போய்விட்டதே, நிறுத்திவிடலாமா என்று அம்மாவே கேட்டார். எழுதிய ஏழு நாளும் போட்டு முடிக்கச் சொன்னார்கள். நான் புறப்பட்ட அன்று புதுக் குப்பியின் மேல் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தில், “மே 14 திறந்தது, ஜூன் 10 எறியவும்” என்று அம்மாவின் கையெழுத்து இருந்தது.