அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: வீட்டு வாசலில் எதைப் பிரித்து மாட்டலாம்?

பழைய கார் வாங்கி வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இன்ஜின் ஓடுதா?" இந்த மூன்று கார்களைப் பொறுத்தவரை இன்ஜின் நின்றுபோயிருந்தால்கூடப் பெரிய பயமில்லை. மூன்றின் பழைய மாடல்களிலும் பெரும்பாலும் புஷ்ராடு (வால்வைத் தள்ளித் திறக்கும் கம்பி) வைத்த எளிய நாலு சிலிண்டர் இன்ஜின்தான்; ரீபோர் போட்டுத் தரும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும், லேத் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. பணத்தைத் தின்பது துரு. அதனால் அடியிலிருந்தே பார்ப்போம்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் படித்தகடு, தூண்கள் எல்லாம் சேர்த்து வெல்டு செய்த ஒரே கூடு. பார்க்கப் போகும்போது ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு தூணில் இடித்தால் படித்தகடு உள்ளே உளுத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் ஒட்டாது. உளுத்த தகட்டை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கூடே தொய்ந்துவிடும். இது டிங்கரிங் தெரிந்தவர் வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை.

இங்கே ஹெரால்டு தனி ஜாதி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்தது. அடியில் தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்ட பாடி. பானட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உளுத்திருக்கின்றனவா என்று மட்டும் குத்திப் பாருங்கள்.

இன்ஜின் என்று வந்தால் பழைய அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினுக்குத்தான் பொறுமை அதிகம். பிளாக்கும், அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பத்மினியின் 1089 சிசி இன்ஜினில் ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீர் வற்றிக் கொதித்தால் வளைந்துவிடும். ஆயில் மூடியின் உட்புறம் பால்போல வெண்பசை இருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட்டைக் கழற்றி, நேரான ஸ்டீல் ஸ்கேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்துவிட்டு லேத்துக்கு அனுப்புங்கள்.

ஸ்பேனர் விஷயம் சின்னதுதான், ஆனால் எரிச்சல் தரும். பத்மினி ஃபியட் வம்சம் என்பதால் எல்லாம் மில்லிமீட்டர். வீட்டில் இருக்கும் செட் போதும். மற்ற இரண்டும் இங்கிலாந்து வம்சம், அங்குல அளவு. அரை அங்குல போல்ட்டில் 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் அது வழுக்கி முனையை மழுக்கிவிடும். ஆரம்பகால அம்பாசடர், ஹெரால்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும்; பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

முன் சஸ்பென்ஷனில் பத்மினிக்குக் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கழற்றவே கூடாது, தெறித்தால் எலும்பு உடையும். ஹெரால்டின் கீழ் டிரனியனுக்கு (முன் சக்கரம் திரும்ப உதவும் மரை போட்ட கீழ் மூட்டு) கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், அங்கே மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கும் ஆபத்து உண்டு.

உதிரிபாகத்தில் போட்டியே இல்லை. அம்பாசடர் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தால் ஏதாவது அகப்படும். பத்மினிக்கு மும்பை டாக்சிகள் கைகொடுத்தன. 2023 அக்டோபரோடு அவையும் ஓய்ந்தன. ஹெரால்டுக்குப் பல மெக்கானிக்கல் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும். ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு நசுங்கியிருந்தால் லண்டனில் தேடியும் பயனில்லை.

என் கணக்கில், வீட்டில் ஏற்கெனவே தாத்தாவின் அம்பாசடர் நின்றால் அதையே எடுங்கள். புதிதாகத் தேடுபவர்களுக்குக் கூடு துருப்பிடிக்காத நல்ல பத்மினி. நாலு மீட்டருக்குள் அடங்கும், சின்ன போர்ட்டிகோவில் சுற்றி வந்து வேலை பார்க்கலாம். ஹெரால்டைப் பாகங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடிந்தவர் வாங்கட்டும். ஆர்.சி. (பதிவுச் சான்று) உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் பிரேக். பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன்தான். ஒரு குழாய் ஓட்டையானால் மிதி தரை வரை போய்விடும். பெயின்ட் கலர் யோசிக்கும் முன் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கைப்பிரேக் கேபிளையும் சேர்த்து. மிதி காலடியில் கரைந்துபோகும் நேரத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.