காயத்துக்கு அப்புறம் ஓட ‘கவுச் டு ஃபைவ்கே’ ஆப் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் நாலாவது வாரத்தை மட்டும் அப்படியே நம்பி இறங்கிவிடாதீர்கள். இந்த ஆப்பைப் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் ஏன் எதற்கு என்கிற கணக்கு.

தெரியாதவர்களுக்கு: சோபாவில் உட்கார்ந்தே பழகியவரை எழுப்பி 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் திட்டம் இது. 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் தன் அம்மாவை ஓட வைக்க நினைத்து உருவாக்கியது. இன்று பிரிட்டனின் பொது மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் இதை இலவச ஆப்பாகக் கொடுக்கிறது. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஓட்டமும் நடையும் மாறி மாறி வரும், காதில் ஒரு குரல் ‘இப்போது ஓடு, இப்போது நட’ என்று சொல்லிக்கொண்டே வரும். கடைசி வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம் ஓடுவீர்கள்.

நான் ஓடத் தெரியாதவன் இல்லை. லண்டனில் இருக்கிறேன், டூட்டிங் காமன் பூங்கா பக்கம் வருடக்கணக்காக ஓடியவன், குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் கெட்டுப்போய் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிசியோ ‘இனி மெதுவாக ஆரம்பிக்கலாம்’ என்று சொன்ன பிறகு இந்த ஆப்பைப் போனில் இறக்கினேன். என்னைப் போன்ற ஆட்களுக்காக இது செய்யப்படவில்லை, புதிதாக ஓட வருபவர்களுக்காகத்தான் செய்யப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதிதாக ஓடுபவருக்கு முதலில் தடுமாறுவது மூச்சு. காயத்திலிருந்து திரும்புகிறவருக்கு நிலைமை தலைகீழ். அந்த மாதங்களில் சைக்கிள் மிதித்தோ நீச்சல் அடித்தோ இதயத்தையும் நுரையீரலையும் ஓரளவு காப்பாற்றி வைத்திருப்பார், விட்டுப்போயிருந்தாலும் அது சீக்கிரம் திரும்பி வந்துவிடும். தசைநாண் அப்படி இல்லை. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, புதிய சுமைக்குப் பழக மாதங்கள் எடுக்கும். ஆக, மூச்சு வாங்காது, உடம்பு ‘இன்னும் ஓடலாமே’ என்று சொல்லும், கால் மட்டும் மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது கணக்கைத் தீர்க்கும். எனவே இந்தத் திட்டத்தை மூச்சை வைத்து எடைபோடாமல், ஒவ்வொரு வாரமும் காலுக்கு எவ்வளவு சுமை ஏறுகிறது என்று பார்த்தேன்.

முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, 8 தடவை. ஒரு காலத்தில் அரை மாரத்தான் ஓடியவருக்கு இது அவமானமாகத்தான் இருக்கும், பூங்காவில் நாய் நடத்திப் போகிறவர்களெல்லாம் உங்களைத் தாண்டிப் போவார்கள். பரவாயில்லை. மொத்தம் 8 நிமிட ஓட்டம். இரண்டாவது வாரம் 9 நிமிடம். மூன்றாவது வாரமும் அதே 9 நிமிடம்தான், ஒன்றரையும் மூன்றுமாகப் பிரித்திருப்பார்கள். இதுவரை அருமை. சுமையைக் கூட்டாமல் ஒரே மூச்சில் ஓடும் நேரத்தை மட்டும் நீட்டுகிறார்கள், காயம்பட்ட காலுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கேட்க முடியாது.

நாலாவது வாரம் பாருங்கள்: 3, 5, 3, 5. கூட்டினால் 16 நிமிடம். 9இலிருந்து ஒரே தாவலில் 16, கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடுதல். ‘வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்று ஓட்டக்காரர்கள் வேதவாக்கு மாதிரி சொல்வார்கள், அந்தப் பத்துக்குப் பின்னால் பெரிய ஆதாரம் ஒன்றும் கிடையாது, இருந்தாலும் 80 என்பது எந்தக் கணக்கிலும் அதிகம். வேடிக்கை என்னவென்றால் இந்தத் திட்டத்தில் ஊரே பயப்படுவது ஐந்தாவது வாரத்தின் மூன்றாவது ஓட்டத்துக்கு, முதன்முதலாக நிற்காமல் 20 நிமிடம். அது மூச்சுக்குப் பயப்படுகிறவர்களின் பயம். அதற்கு முந்தைய ஓட்டத்தில் 8, 8 என்று 16 நிமிடம் ஓடியிருப்பீர்கள், ஆக கூடுவது வெறும் 4 நிமிடம். நம் குதிகாலுக்கு உண்மையான பள்ளம் அதற்கு முந்தைய வாரத்திலேயே வந்துவிடுகிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? எந்த ஓட்டத்தையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப ஓட ஆப் விடுகிறது. மூன்றாவது வாரத்தை இன்னும் ஒரு வாரம் ஓடுங்கள். அப்புறம் நாலாவது வாரத்தைத் திறந்து 3, 5, 3 வரைக்கும் ஓடிவிட்டு, கடைசி 5 நிமிடம் வரும்போது காதில் அந்தக் குரல் என்ன சொன்னாலும் நடந்தே வீட்டுக்குப் போங்கள். அது 11 நிமிடம். அது ஒத்துக்கொண்டால் கடைசி ஐந்தில் பாதி, பிறகு முழுசும். இப்படிப் போனால் 9 வாரத் திட்டம் 12, 13 வாரம் ஆகும். ஆகட்டுமே. ஆறாவது வாரத்தின் கடைசியில் 20இலிருந்து 25க்கு ஏறும் இடத்திலும் ஒரு தடவை நிதானித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 25, 28, 30 என்று சாதுவாகத்தான் போகிறது.

குரல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யாருடைய குரல் வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நான் இறக்கியபோது நகைச்சுவையாளர் சாரா மில்லிகன் இருந்தார், வானொலிக்காரர் ஜோ வைலி இருந்தார், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய மைக்கேல் ஜான்சனே இருந்தார். நான் முதலில் எடுத்தது ஜான்சனை, இரண்டாவது வாரமே மில்லிகனுக்கு மாறிவிட்டேன், ஒலிம்பிக் சாம்பியன் காதில் பேசினால் கால் தானாக வேகம் எடுக்கிறது. யார் பேசினாலும் வேலை ஒன்றுதான்: உற்சாகப்படுத்துவது, உன்னால் முடியும் என்பது. சோபாவிலிருந்து எழுந்து வந்தவருக்கு அது மருந்து. நம் வகையறாவுக்கு உற்சாகம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, நமக்கு வேண்டியது ‘போதும், நில்’ என்று அதட்டும் குரல். அது இந்த ஆப்பில் கிடையாது.

அந்த வேலையை நீங்களேதான் பார்க்க வேண்டும். அக்கிலிஸ் விஷயத்தில் பிசியோக்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு அளவுகோல் உண்டு: வலிக்கு 0இலிருந்து 10 வரை மதிப்பெண் போடுங்கள், ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும் 5ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் காலை விறைப்பும் கூடிக்கொண்டே போகக் கூடாது. நான் 3லேயே நிறுத்திக்கொள்கிற பயந்தாங்கொள்ளி. கவனம், இது தசைநாணுக்கான கணக்கு. எலும்பில் விரிசல் விழுந்து குணமாகி வருகிறவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது, அங்கே கொஞ்சம் வலி என்றாலும் நிறுத்த வேண்டியதுதான், அவர்கள் மருத்துவர் போட்டுக்கொடுக்கும் அட்டவணை இல்லாமல் இந்த ஆப் பக்கமே வர வேண்டாம்.

இன்னொரு குறை, இதன் அட்டவணை முழுக்க ஓட்டமும் நடையும்தான். கெண்டைக்காலை வலுவாக்கும் பயிற்சிக்கு அதில் இடமில்லை, அக்கிலிஸ்காரருக்கோ பாதி வைத்தியமே அதுதான். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியை உங்கள் பிசியோ ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆல்ஃப்ரெட்சன் முறை என்று பெயர்: முட்டியை நீட்டி 15 வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று, காலை மாலை இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை! எல்லோரும் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை என்று இப்போது பலரும் எண்ணிக்கையைக் குறைத்து எடையைக் கூட்டுகிறார்கள். வலி குதிகால் எலும்பிலேயே என்றால் படிக்குக் கீழே இறக்காமல் தரையில் நின்றே செய்யச் சொல்வார்கள். எதுவானாலும் ஓட ஆரம்பித்ததும் இதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆப்புக்குத் தெரியாத மற்றவை: மேடும் வேகமும் அக்கிலிஸுக்கு ஆகாது, ஆரம்பத்தில் சமதரையாகப் பார்த்து ஓடுங்கள். குதிகால் பக்கம் உயரமே இல்லாத தட்டை ஷூக்களை இந்தச் சமயத்தில் தொடாதீர்கள்.

30 நிமிடம் வந்துவிட்டால் ஆப் உங்களைப் பட்டதாரி ஆக்கிவிடும். நம் வேகத்துக்கு அது 4 கிலோமீட்டர்தான் இருக்கும், பெயரில் இருக்கும் 5ஐப் பார்த்து மனம் நோக வேண்டாம். அடுத்து பார்க்ரன் போகலாம், பூங்காக்களில் வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஓடும் ஓட்டம் அது, இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை 9 மணிக்கு, இலவசம், 5 கிலோமீட்டர். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடி ஆரம்பித்தது, அதை ஆரம்பித்த பால் சின்டன் ஹெவிட்டே அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர்தான். முழுக்க நடந்தே முடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். கூட்டத்தின் நடுவில் நிற்காமல் கடைசி வரிசைக்குப் போங்கள், இல்லாவிட்டால் முதல் 200 மீட்டரிலேயே கூட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பார்க்ரன்னில் பெயர் பதியும்போது கொடுக்கும் பார்கோடை மறந்துவிட்டுப் போனால் நேரம் பதிவாகாது, காயத்துக்குப் பிறகான முதல் தடவைக்கு அதை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் தப்பில்லை.